காற்றையும் கணக்கில் சேர்த்து

ஸ்காட்லாந்தின் கடலோரக் கோல்ஃப் மைதானங்களை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் சற்றுத் திகைத்துப்போவார்கள். நிழலுக்கு மரம் இல்லை, அழகுக்குக் குளம் இல்லை. மணல்மேடுகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் பழுப்பேறிய புல்வெளி. நேர்த்தியாக அடித்த பந்துகூட ஒரு சிறு மேட்டில் பட்டுத் திசைமாறி, பங்கர் எனப்படும் செங்குத்தான மணற்குழிக்குள் போய் விழும். இது ஆட்டமா, சூதாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. சூதாட்டம் இல்லை என்பதே என் கட்சி.

கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலைக் காற்று குவித்து உண்டான நிலம் இது. உழவுக்கு உதவாது, ஆடு மேயவும் முயல் வளை தோண்டவும்தான் லாயக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸில் பேராயர் ஹாமில்டன் முயல் வளர்க்க அனுமதி பெற்ற 1552ஆம் ஆண்டு ஆவணத்தில்தான், அதே நிலத்தில் கோல்ஃப் ஆடும் ஊர்மக்களின் உரிமையும் உறுதியானது! அடியில் மணல் என்பதால் மழைநீர் சட்டென்று வடிந்துவிடும். தரை இறுகியிருக்கும், புல் மெலிந்திருக்கும், விழுந்த பந்து நிற்காமல் ஓடும். உள்நாட்டு மைதானங்களில் கொடியைக் குறிவைத்து உயரே அடித்தால், இளகிய தரை பந்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே உயரே போன பந்து காற்றின் கையில். ஆகவே தாழ அடித்து, குழி இருக்கும் கிரீனுக்கு வெகு முன்பே தரையில் விழவிட்டு, சரிவின் போக்கிலேயே உருட்டிச் சேர்க்க வேண்டும். பந்து எங்கே விழும் என்பது பாதிக் கணக்குதான். விழுந்தபின் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் அடிக்குமுன்பே பார்த்துவைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பலிக்குமா என்பதற்கு அமெரிக்கரான டாம் வாட்சனே சாட்சி. 1975க்கும் 1983க்கும் இடையில் அவர் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார்: கார்னூஸ்டி, டர்ன்பெரி, மூர்ஃபீல்டு, ட்ரூன், இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல். ஐந்தும் வெவ்வேறு மைதானங்கள், ஐந்தும் கடலோரம். அதிர்ஷ்டம் ஒரே ஆளைத் தேடி ஐந்து ஊருக்கா போகும்? 2009இல், 59 வயதில், மறுபடி டர்ன்பெரியில் கடைசிக் குழிக்கு வந்தபோது முன்னிலையில் இருந்தார். அங்கே அவர் அடித்த பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிட்டது. கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். இதோ அதிர்ஷ்டம் கைவிட்டதே என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய எட்டடித் தூரத்திலிருந்து ஓர் அடி பாக்கி இருந்தது. அது குழியில் விழுந்திருந்தால் கோப்பை அவருடையது. இளைஞர்களின் உடல்பலத்துக்கு ஈடுகொடுத்து அந்த வயதில் அவரை அதுவரை கொண்டுவந்தது, தரையையும் காற்றையும் படிக்கத் தெரிந்த பழக்கமே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் ஆடியவருக்கு அமைதியும் மாலையில் ஆடியவருக்குச் சூறைக்காற்றும் வாய்த்தால், அது அதிர்ஷ்டமேதான். முதல் இரண்டு நாட்களில் காலை, மாலை முறையை மாற்றிவைப்பது அதை ஓரளவே சரிக்கட்டும். 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த அதே போட்டியில் கிரீன்மேல் நின்ற பந்துகளையே காற்று நகர்த்த, ஆட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. இன்றைய பந்துக்கும் மட்டைக்கும் முன்னால் இந்தப் பழைய நிலம் எம்மாத்திரம் என்கிறார்கள். 2022இல் அதே மைதானத்தில் கேமரன் ஸ்மித், நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவாக ஆடி வென்றது உண்மை. ஆனால் அந்த வாரம் பெரிய காற்று வீசவில்லை. காற்றில்லாத கடலோர மைதானம் பாதி மைதானம்தான். காற்றுக்கு மாற்றாக, ஆட்டம் தொடங்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டுவது, பலசாலிக்கே மேலும் சாதகம். தரையை இறுகலாக வைத்திருப்பதுதான் உருப்படியான வழி. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களே என்று தண்ணீர் பாய்ச்சிப் புல்லைப் பச்சையாக்கினால், பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். வாட்சன் போட்ட கணக்குக்கு அங்கே வேலையே இருக்காது.