உப்புக்கறை நீக்கும் சல்ஃபாமிக் அமிலம்

சல்ஃபாமிக் அமிலம் பார்வைக்குப் பொடியுப்புபோல இருக்கும்: வெள்ளைப் படிகம், வாசனை கிடையாது, காற்றின் ஈரத்தையும் எளிதில் இழுக்காது. யூரியாவோடு கந்தக ட்ரைஆக்சைடும் கந்தக அமிலமும் சேர்த்து ஆலைகளில் தயாரிக்கிறார்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 200 கிராம் கரையும். கரைந்துவிட்டால் வலுவான அமிலம்தான்.

இந்த அமிலம் நீக்கும் உப்புக்கறை தண்ணீரிலிருந்து வருவது. குற்றாலத்து அருவிநீர் மலைப்பாறையில் ஓடிச் சட்டென்று இறங்கிவிடுவதால் அதில் சுண்ணாம்பு கரைய நேரமில்லை. தென்காசிக்குக் கிழக்கே, சமவெளியின் போர் தண்ணீர் நிலத்தடியில் நெடுங்காலம் கிடந்து கால்சியம், மக்னீசிய உப்புகளோடு மேலே வருகிறது. சூடேறும் இடத்தில் அந்தக் கால்சியம், கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கீசர் கம்பியில் ஓடு கட்டுவதும், ஷவரின் துளைகள் அடைபடுவதும், அரிசி ஆலைக் கொதிகலனில் விறகுச் செலவு ஏறுவதும் இதனால்தான்.

அமிலம் பட்டதும் படிவு நுரைத்துப் பொங்கும். கிளம்புவது கரியமில வாயு. மிஞ்சும் கால்சியம் சல்ஃபமேட் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் அலசினாலே போய்விடும். ஒரு கிலோ படிவுக்கு ஏறக்குறைய 2 கிலோ அமிலம் செலவாகும். சீக்கிரம் முடியட்டும் என்று கரைசலைக் கொதிக்கவிடுவது வீண் வேலை. 60 டிகிரிக்கு மேல் அமிலம் சிதைந்து சல்ஃபேட் உண்டாகும். அது கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகத் திரும்பவும் படியும். ஜிப்சத்தையும் சிலிக்காவையும் இந்த அமிலம் அசைப்பதில்லை.

கடைகளில் பாட்டிலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்போல இது புகைவதில்லை. குளோரைடு இல்லாததால் எவர்சில்வரில் புள்ளிக்குழியும் விழாது. ஆனால் மார்பிள், மொசைக் தரைகளை அரிக்கும். துத்தநாகம் பூசிய குழாய்க்கும் அலுமினியத்துக்கும் ஆகாது.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குற்றாலச் சீசன் நாட்களில் விடுதிக் குளியலறையில் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர், குழாய்க் கறைக்கு இந்த அமிலம் என்று இரண்டும் ஒரே வாளிக்கருகில் வந்துவிடும். இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். வெடிக்கக்கூடிய நைட்ரஜன் ட்ரைகுளோரைடும் உண்டாகலாம். ஒன்றைப் போட்ட தரையை நன்றாகக் கழுவிவிட்டு, வேறொரு நாளில் மற்றதைப் போடுவதே சரி.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மீந்த கரைசலில் சோடா உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை அடங்கியபின் சாக்கடையில் விடலாம். பொடியைப் பெயர் எழுதிய டப்பாவில், சமையலறைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.