முட்டுக் கொடுத்த மரம்



நான் படம் எடுப்பதில் கெட்டிக்காரன் இல்லை. 1996-ல் வேலை நிமித்தமாக எட்டு மாதம் இங்கிலாந்தில் இருந்தேன். கிளம்பும்போது நம்ம தாவரவியல் சார், "ஷெர்வுட் காட்டுல ஒரு ஓக் மரம் இருக்குப்பா. ராபின் ஹூட் ஒளிஞ்சிருந்த மரம்னு சொல்லுவாங்க. ஒரு படம் எடுத்துட்டு வா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டிங்ஹாமிலிருந்து பஸ் பிடித்து, எட்வின்ஸ்டோவ் என்ற கிராமத்தில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தேன். மரத்தின் பெயர் 'மேஜர் ஓக்'. பெரிசா இருக்கும், அதனால்தான் மேஜர் என்று நினைத்துக்கொண்டு போனேன். விஷயம் வேறு. ஹேமன் ரூக் என்ற ராணுவ மேஜர் 1790-ல் அந்த வட்டாரத்து ஓக் மரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய பதவி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அடிமரத்தின் சுற்றளவு சுமார் 11 மீட்டர். கிளைகள் 28 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தன. வயது 800 என்பார்கள், 1100 என்பார்கள். 800 தான் என்றால் ராபின் ஹூட் காலத்தில் அது வெறும் கன்று, ஆள் ஒளிய முடியாது! இதை அங்கே யாரிடமும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

ஆனால் படம் எடுக்கப் போனால் ஒரே எரிச்சல். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி கிளைக்குக் கிளை முட்டு. சுற்றி வேலி வேறு. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு முட்டை அடிமரத்தில் மறைத்தேன், வேலியைப் புதரில் மறைத்தேன், மண்டி போட்டு, படுத்து, ஒரு வழியாகக் கம்பீரமாக ஒரு படம் விழுந்தது.

ஊர் திரும்பியதும் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "முட்டெல்லாம் எங்கேப்பா?"

"மறைச்சுட்டேன் சார். அசிங்கமா இருந்துச்சு."

"அடையாறு ஆலமரத்துக்கு 1989 புயல்ல அடிமரமே சாஞ்சுது. விழுது நின்னுது, மரம் பிழைச்சுது. ஓக்குக்கு ஏதுப்பா விழுது? 1908-ல சங்கிலி போட்டுக் கட்டினாங்க, அப்புறம் முட்டுக் கொடுத்தாங்க. பார்க்க வந்த ஜனம் மிதிச்சு மிதிச்சு மண்ணு இறுகிப் போச்சு, வேருக்குக் காத்தும் தண்ணியும் இறங்கலை. அதுக்குத்தான் எழுபதுகள்ல வேலி போட்டாங்க. உன்னை மாதிரி பக்கத்துல போய்ப் பார்த்தவங்கதான் காரணம். அதை விட்டுட்டு நீ எதைப் படம் எடுத்தே?"

எனக்குச் சுருக்கென்றது. 'ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு போனேனே' என்று கோபமும் வந்தது.

2004-ல் மறுபடி அந்தப் பக்கம் போக வாய்த்தது. இந்த முறை வேலி, முட்டு, எட்டிப் பார்க்கும் கூட்டம் எல்லாம் சேர்த்தே எடுத்தேன். சார் அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்தார். "சரி, மொத்தம் எத்தனை முட்டு?"

நான் எண்ணவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து படத்தில் எண்ணிப் பார்த்தோம். பின்பக்கத்து முட்டுகள் தெரியவில்லை.

இரண்டு படங்களையும் அவரே சட்டம் போட்டுத் துறைக்குக் கொடுத்தார். தாவரவியல் ஆய்வகத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்னால் போய்ப் பாருங்கள். காலையில் அங்கே நின்ற இரண்டு மாணவிகளிடம் எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். முதல் படம்தான் என்றார்கள்.