சமயம் மாறியபின் மாறுவதும் மாறாததும்

(இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் கோயிலுக்கும் மற்றவர் தேவாலயத்துக்கும் போகின்ற குடும்பங்கள் நம் ஊர்களிற் பல உண்டு. "அவன் வேதக்காரனாகிவிட்டான், இனி அவன் வேறு, நாம் வேறு" என்று படலையைச் சாத்துவோர் சிலர். "எல்லாச் சமயமும் ஒன்றுதானே; அவனில் ஒன்றும் மாறவில்லை" என்று அமைவோர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் முழு உண்மையல்ல. கிறிஸ்து சமயத்தைத் தழுவியவரிடம் மாறுவது எது, மாறாது நிற்பது எது என்பதை நிதானமாக ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிலே கண்ணுக்குத் தெரிவது புறமாற்றம். நெற்றியில் நீறு மறைகின்றது, பெயர் மாறுகின்றது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே, கடல் கடந்து பணம் உதவிய அன்பர்களின் பெயரை மாணவர்க்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்றாற் போன்ற பெயர்கள் அவ்வாறு வந்தவையே. ஆயினும் பெயரினும் ஆழமாகக் குடும்பத்தைத் தாக்குவது வேறொன்று. தந்தை கண்மூடிய வீட்டிலே, கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் ஒதுங்கி நிற்கின்றான். அந்தியேட்டியிலும் திவசத்திலும் அவன் இடம் வெறுமையாகின்றது. அவன் தன் மனச்சாட்சிக்கு நேர்மையாக நிற்கலாம். ஆனால் அவனைப் பெற்றவள் படும் துயரும் பொய்யன்று. இதனை மறைத்துச் சமரசம் பேசுதல் பயனற்றது.

இனி, புறமாற்றம் அகமாற்றத்துக்குச் சான்றாகுமா? நம் வரலாறே விடை தருகின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், திருமுழுக்குப் பெற்றுத் தேவாலயத் தோம்பிலே பெயர் பதிந்தவர்க்கே விவாகமும் உத்தியோகமும் தடையின்றிக் கிடைக்குமாறு செய்தனர். மக்கள் பெயர் பதிந்தனர். வீட்டின் உள்ளே பழைய வழிபாடு நடந்துகொண்டேயிருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டுத் தளர்ந்ததும், தோம்பிலே கிறிஸ்தவராயிருந்தோருட் பெரும்பாலார் வெளிப்படையாகவே சைவராயினர். கட்டாயமும் சலுகையும் ஏட்டை மாற்றும், உள்ளத்தை மாற்றா.

அவ்வாறாயின் மெய்யாக மாறியவர் இல்லையா? உளர். திருநெல்வேலிச் சீமையிலே கரையிருப்பு என்னும் ஊரில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனிலே ஊறிய அப்புலவர், ஆங்கிலேயரான பனியன் எழுதிய கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். அவர் வணங்கிய தெய்வம் மாறியது. அத்தெய்வத்தின் முன் உருகிய நெஞ்சமும், உருக்கத்தை உரைத்த தமிழும் முன்னோர் தந்தவையே. நம் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அத்தகையரே. 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம், சைவப் புலவர் பலரின் வரலாற்றையும் பேணித் தந்தது. மொழியும் மரபும் ஞானஸ்நான நீரிலே கரைந்துபோவன அல்ல.

இதன் மறுபக்கமும் உண்டு. சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறிஸ்தவச் சூழலிலே வளர்ந்து, வட்டுக்கோட்டையிற் கற்று, 1857இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவர் நாம் முன்சொன்ன விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். ஆனால் பாதிரிமார் பள்ளியிற் பெற்ற கல்வி அவரை விட்டு நீங்கவில்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த கைகளுக்கு அதுவும் துணைசெய்தது.

உறவும் அவ்வாறே. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருட் சைவர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பொதுவாகவே சொத்துரிமையை வகுத்தது. சீதனமும் தாலியும் இரு சாராரிடத்தும் நிலைத்தன.

மாறவேண்டியது ஒன்று மாறாமல் நின்றதையும் சொல்லவேண்டும். அது சாதி. ஒரே பந்தியில் அமர மறுத்தவர் தேவாலயத்துக்குட் புகுந்தபின்னும் சிலவிடங்களில் அவ்வேற்றுமையையே கொண்டுபோயினர். ஆயினும் இதைச் சொல்லி நாம் மகிழ்வதற்கில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காகச் சைவ மக்களே சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருவன், தன் பிள்ளையை வாங்கிலிருத்தி எழுத்தறிவித்த பள்ளியை நாடினால், அவனைச் சோற்றுக்கு மதம் மாறியவன் என்று பழித்தல் நீதியாகுமா? அவனிடத்தே முதலில் நேர்ந்த மாற்றம், நிமிர்ந்து நடக்கப் பழகியது. அதனை நம் கோயில் வீதியிலேயே அவனுக்கு அளித்திருக்கவேண்டுமன்றோ?

ஆதலின், பெரியோர்களே, மதம் மாறிய பிள்ளைக்குப் படலையைச் சாத்தாதீர்கள். நன்மை தீமைக்கு அவனுக்கும் சொல்லி அனுப்புங்கள். அவன் கிரியையிற் கலந்துகொள்ள மறுப்பின், அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல், மற்றை வேலைகளில் அவனுக்கும் ஓரிடம் வையுங்கள். மாறியவரும் தாம் விட்டுவந்த வழிபாட்டை இகழாதிருத்தல் கடன்.

இளைஞர்களே, மாறியவனைத் தூற்றுவதாற் சைவம் வளராது. பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த ஆறுமுக நாவலர், தம் சமயத்தினின்றும் அசையவில்லை. அதனைத் தெளியக் கற்றிருந்தமையே காரணம். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, பாதிரிமாரின் பள்ளி முறைகளிலே நல்லனவற்றை எடுத்துக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. கற்றவனுக்கு அச்சமில்லை; அச்சமில்லாதவனுக்குப் பகையுமில்லை.

ஒருவன் மெய்யாக மாறினானா என்பதை அவன் கழுத்திற் கிடக்கும் சிலுவையும் காட்டாது, நம் நெற்றியில் இருக்கும் நீறும் காட்டாது. முன்னிலும் பொய் குறைந்ததா, கோபம் தணிந்ததா, எளியவனிடத்து இரக்கம் பெருகியதா என்பதே அளவுகோல். அவ்வளவுகோலை மாறியவன்மேல் வைக்குமுன், மாறாத நம்மேலும் ஒருமுறை வைத்துப் பார்ப்போமாக.