கேள்வியைக் கைவிடாதவர்கள்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

உங்கள் வயதில் நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். சாப்பாடு சரியில்லை என்று ஒருநாள் எல்லோரும் தட்டைக் கவிழ்த்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். முதலாம் ஆண்டு மாணவர்கள்கூட எழுந்து போகவில்லை. மாலை வரை அமைதியாகத்தான் இருந்தது. இருட்டும் நேரத்தில் எங்களில் ஒருவன் கல்லை எடுத்து வீச, அலுவலகத்து ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. மறுநாள் விசாரணை நடந்தது. ஒரு வாரம் முழுக்கக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கல்லெறிந்தது யார்?" சாப்பாட்டைப் பற்றி அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் கேள்வியை அந்த ஒரு கல் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது பல வருடம் கழித்து, கோபிநத்தத்தின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

கோபிநத்தம் பழைய மைசூர் மாவட்டத்து ஊர். 1997இல் மாவட்டம் பிரிந்தபோது சாம்ராஜ்நகரோடு சேர்ந்தது. ஒகேனக்கல்லுக்கு மேற்கே, காவிரிக் காட்டுக்குள் இருக்கிறது. கர்நாடக எல்லைக்குள் இருந்தாலும் அங்கே வீட்டுப் பேச்சு தமிழ்தான். பெயரைச் சொன்னதும் உங்களுக்குச் சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பன் ஞாபகம் வந்திருக்கும். அவர் பிறந்த ஊர் அது. ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் அவருடைய படம் இருக்கிறது. அம்மனுக்குப் பூசை செய்யும் மக்கள் அவரையும் வணங்குகிறார்கள். அவர் வேறு மாநிலத்துக்காரர், அதிலும் வனத்துறை அதிகாரி. சந்தன மரக் கடத்தலைத் தடுக்க வந்தவருக்கு, கடத்தல்காரர் பிறந்த ஊரில் மரியாதை. இது எப்படி நடந்தது?

அவர் பெயர் பி. சீனிவாஸ். 1954இல் ராஜமுந்திரியில் பிறந்தவர், இந்திய வனப் பணி அதிகாரி. வீரப்பனைப் பிடிக்க வேண்டிய பொறுப்பில் இருந்த அவர் ஊரைச் சுற்றி வளைக்காமல் ஊருக்குள்ளேயே போய்த் தங்கினார். நடமாடும் மருந்தகம் கொண்டுவந்தார். வீடுகள் கட்ட உதவினார். மாரியம்மன் கோயிலை முன்நின்று எழுப்பினார். பிழைக்க வேறு வழி கிடைத்தால் யாரும் காட்டுக்குள் மரம் வெட்டப் போகமாட்டார்கள் என்று அவர் நம்பினார். வீரப்பன் கும்பலில் இருந்த சிலர் சரணடையவும் முன்வந்தார்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி ஊராரின் வாயிலிருந்தே வரத் தொடங்கியிருந்த காலம் அது.

வீரப்பன் சரணடையத் தயார் என்று சேதி வந்தது. 1991 நவம்பர் 10ஆம் தேதி ஆயுதம் இல்லாமல் அவரைச் சந்திக்கப் புறப்பட்டார் சீனிவாஸ். அழைத்தது சதி. வழியிலேயே சுட்டுக் கொன்று, தலையை வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு 37 வயது. அடுத்த குடியரசு நாளில் கீர்த்தி சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

அந்த ஒரு நாளோடு கோபிநத்தத்தின் கேள்வி மாறிப்போனது. மருந்து, வீடு, வேலை என்ற பேச்சு நின்று, "வீரப்பன் எங்கே? சோறு போட்டது யார்? துப்பு சொன்னது யார்?" என்ற பேச்சு வந்தது. 1993 ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு அருகே அந்தக் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். தமிழ்நாடு, கர்நாடகம் என இரண்டு மாநில அதிரடிப்படைகளும் காட்டுக்குள் இறங்கின. கும்பலுக்கு உதவியதாக ஒருபக்கம் அடி, துப்பு சொன்னதாக மறுபக்கம் சாவு. எளிய மக்கள் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பிறகு நீதிமன்றம் விடுவித்தது. அதிரடிப்படையின் அத்துமீறல்களைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் சதாசிவா குழு விசாரித்தது; 2007இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் சொன்னது. 2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை இது நீண்டது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது ஒரு கும்பல். விலை கொடுத்தது மலையோர ஊர்கள் எல்லாம்.

இங்கே உங்களில் ஒருவர் எழுந்து என்னைக் கேட்கலாம்: "ஐயா, ஆயுதமில்லாமல் போனவர் செத்துத்தானே போனார்? அப்படியென்றால் அகிம்சை தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?" நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால் அது சீனிவாஸுக்குச் செய்யும் துரோகம். அவர் தோற்கவில்லை, ஆனால் அவர் தனியாகப் போனார். ஊர் அவரை நேசித்தது, அவருக்குப் பின்னால் அமைப்பாகத் திரண்டிருக்கவில்லை. துப்பாக்கிக்கு ஒரு விரல் போதும். அகிம்சைக்கு ஆள் வேண்டும், நிறைய ஆள் வேண்டும். நல்ல மனிதர் ஒருவரைத் தனியே முன்னால் அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்துகொண்டால், அவருக்கு நேர்வதற்கு நாமும் பொறுப்பு.

ஆள் திரண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சந்தன மரமே சாட்சி. சீனிவாஸ் இறந்து எட்டு மாதங்கூட முழுதாக ஆகிவிடவில்லை. 1992 ஜூன் 20ஆம் தேதி, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்ற ஊருக்குள், பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். பழங்குடி மக்களை ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறையில் தள்ளினார்கள்.

வஞ்சம் தீர்க்க ஓர் ஊருக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? துப்பாக்கி பிடித்தவர்களின் காடும் தொலைவில் இல்லை. வாச்சாத்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் ஊரோடு நின்றது. மார்க்சிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் நீதிமன்றப் படி ஏறினார். வழக்கு 1995இல் சிபிஐக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, தங்களுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப அந்நியர் முன்னால் சொல்ல வேண்டியிருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தளர்ந்தபோது பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். அப்படித்தான் 19 வருடம் தாங்கினார்கள்.

2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். சரியாக 12 ஆண்டு கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பாக நீதிபதியே வாச்சாத்திக்கு நேரில் வந்து பார்த்தார். 31 வருடம் அந்த ஊர் ஒரு கல்லையும் எறியவில்லை. அதனால் "இவர்களுக்கு என்ன அநீதி நடந்தது?" என்ற கேள்வியை யாராலும் மாற்ற முடியவில்லை.

இது ஓர் ஊரின் அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள், 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 போராட்டங்களை எடுத்துக் கணக்கிட்டார்கள். ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதம் வென்றன. ஆயுதமற்றவற்றில் 53 சதவீதம். அவர்கள் சொல்லும் முக்கியமான காரணம் எளிமையானது. துப்பாக்கிப் போராட்டத்தில் சில இளைஞர்கள்தான் சேர முடியும். அமைதிப் போராட்டத்தில் பாட்டியும் சேரலாம், கைக்குழந்தைக்காரியும் சேரலாம்.

மாணவர்களே, நாளை நீங்கள் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் போகப் போகிறீர்கள். அநீதி அங்கே துப்பாக்கியோடு வராது. கூடவே வேலை செய்யும் ஒருவரை நியாயமில்லாமல் நீக்குவார்கள். உங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் வராது. அப்போது கோபம் வரும், வரட்டும். கையில் கல் எடுக்காதீர்கள், கைப்பேசியில் வசை எழுதுவதோடும் நின்றுவிடாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டு உட்காருங்கள். ஒரு நோட்டு வாங்கி, கூட்டத்துக்கு வந்தவர் பெயரையும் எடுத்த முடிவையும் எழுதுங்கள். பத்து ரூபாய் சந்தா வாங்கினாலும் ரசீது கொடுங்கள். பேசாதிருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். மனு கொடுங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுங்கள். பார்க்கச் சின்ன வேலைகள்தான். நீண்ட போராட்டங்களைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சின்ன வேலைகள்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் ஒருவர் என்றைக்காவது சீனிவாஸைப் போல வெறுங்கையோடு முன்னே நடப்பார். அது யார் என்று இன்று நமக்குத் தெரியாது. அவரைத் தனியாகப் போகவிடாதீர்கள்.