துளையிட்டது எந்த மாதம்?

கடைக்கால் பற்றிய கருத்தரங்கென்றால் தலைவர் மண்ணின் பெருமையைப் பாடித் தொடங்குவது வழக்கம். நான் நேரே மண் பரிசோதனை அறிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

அறிக்கை கைக்கு வந்ததும் நாம் தேடுவது ‘என்’ மதிப்பைத்தான். 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவேண்டும். மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்கும்வரை அடிகளை எண்ணுகிறோம். முதல் 15 செ.மீ.யைத் தள்ளிவிட்டு, மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே அந்த எண். உச்சி வெயிலில் கயிறு இழுப்பவர் களைத்துப்போனால் சுத்தியல் 60 செ.மீ.தான் ஏறும். உயரம் குறைந்தால் அடிகள் கூடும். அடிகள் கூடினால் தாளில் மண் கெட்டியாகிவிடும். அந்தப் பிழையின் மேல்தான் நாம் மாடி கட்டுகிறோம். ஆற்றல் திருத்தம் பற்றி நாமெல்லாம் நிறைய எழுதுகிறோம். சுத்தியல் தண்டில் 75 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது, துளையிட்ட மாதம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கடப்பாரை இறங்காது. ஐப்பசி மழைக்குப் பின் அதே மண் உப்பிக் குழைந்துவிடும். கோடையில் எடுத்த எண்ணை நம்பி ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட வீட்டில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்திருப்பீர்கள். வண்ணம் பூசுகிறவரைக் கூப்பிட்டால் தீருகிற நோயல்ல அது.

இதற்கு மருந்து நம் நாட்டிலேயே உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழ் அடிப் பைல், ஈரம் ஏறி இறங்கும் மண்ணடுக்கைத் தாண்டிக் கீழே ஊன்றி நிற்கும். குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. மேலே ஓடும் பீமுக்கும் தரைக்கும் நடுவே 80 மி.மீ. வெற்றிடம் விடச் சொல்கிறது இந்தியத் தர விதி; மண் உப்பினால் பீமைத் தூக்காமலிருக்க. களத்தில் நடப்பது என்ன? ‘ஓட்டையாக விடலாமா, சார்?’ என்று மேஸ்திரி அக்கறையோடு அதில் ஜல்லியும் மண்ணும் போட்டுக் கெட்டித்துவிடுகிறார். நாம் காரணம் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேலடுக்கு நம்மை ஏமாற்றும் என்பதற்குக் கனடாவின் டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியத்தைவிட நல்ல பாடம் இல்லை. அடித்தளக் குழியில் பாரம் ஏற்றிச் சோதித்துத்தான் கட்டினார்கள். அதற்கும் கீழே கிடந்த மென்களிமண் கணக்கில் வரவில்லை. 1913 அக்டோபரில் தானியம் நிரம்பிக்கொண்டிருந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது.

ஏரியில் சவுடு கொட்டி மேடாக்கிய மனைகளுக்கு நாளை தனி அமர்வே இருப்பதால் அதைத் தொடவில்லை.

அவையின் முன் என் வேண்டுகோள் ஒன்றுதான். துளையிட்ட மாதம், அன்றைய நீர்மட்டம், சுத்தியலைத் தூக்கிய முறை இவை மூன்றும் பின்னிணைப்பில் புதையாமல், தாங்குதிறன் எழுதும் அதே பக்கத்தில் வரவேண்டும். தீர்மான வரைவு உங்கள் கோப்பில் இருக்கிறது. பிற்பகலில் துளையிடும் குழுவினர் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தந்திருந்த பத்து நிமிடத்தை அரைமணியாக்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.