பிள்ளை படிப்புக்கும் ஒரு நோட்டு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன் வாங்கி முன்னேறிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் என் மகள் வீட்டிலிருந்தே பத்தாவது படித்த கதையைச் சொல்கிறேன். அதிலும் நம் குழு நோட்டுக்குப் பங்கு உண்டு.

ஒன்பதாவது படிக்கும்போது அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. இதயத்தையும் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, மாதக்கணக்கில் ஓய்வு. பள்ளிக்கூடம் நின்றுபோனது. உடம்பு தேறியபோது கூடப் படித்த பிள்ளைகள் பத்தாவதில் இருந்தார்கள். "சின்னப் பிள்ளைங்களோட உட்கார மாட்டேன்" என்று அழுதாள். ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? "பொண்ணு சும்மாதானே இருக்கா, ஒரு நல்ல இடம் இருக்கு." அவளுக்கு அப்போது பதினஞ்சு வயசு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போக முடிகிற பிள்ளையை நிறுத்தாதீர்கள். 6 வயது முதல் 14 வயது வரை பள்ளியில் படிப்பது பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதோடு, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருவதும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை பள்ளியில் படித்த கணக்கைப் பார்த்துத்தான். நடுவில் நின்றால் அதெல்லாம் கைவிட்டுப் போகும். நான் சொல்வது வேறு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு.

அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நம் மாநிலத் தேர்வையே தனித்தேர்வராக எழுதுவது. அதில் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது அதைத்தான். இன்னொன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அது தொடங்கியது 1989-இல். தர்மபுரியில் மகளிர் குழு தொடங்கியதும் அதே வருஷம்தான்! 14 வயது முடிந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேற வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வு. பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது முறை எழுதலாம். இரண்டு பாடம் இப்போது, மூன்று பாடம் அப்புறம் என்று பிரித்து எழுதலாம். தேறிய பாடம் தேறியதுதான். தவணை கட்டுகிற மாதிரிதான். என் மகள் உடம்புக்கு இந்த வழிதான் ஒத்துவந்தது.

பாடம் எடுப்பதில் ஒரு விஷயம். கணக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். நானும் "விட்டுரு, சுலபமா முடியும்" என்றேன். அவள்தான், "நான் லேப் படிப்புப் படிக்கணும்மா, கணக்கும் அறிவியலும் இல்லாம எப்படி?" என்று கேட்டாள். எந்த ஊர் போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே பஸ் ஏறுவோம்? அடுத்து என்ன படிக்க ஆசை, அதற்கு எந்தப் பாடம் கேட்பார்கள் என்று அந்தக் கல்லூரியிலேயே விசாரித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், மனையியல் எடுத்தாள்.

புத்தகம் வந்தது. யார் சொல்லிக் கொடுப்பது? நான் எட்டாவது. ஆனால் எனக்கு நோட்டு எழுதத் தெரியும். பத்து வருஷமாகக் குழுக் கணக்கு எழுதுகிறேன். பழைய வரவு செலவு நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, பாடம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எத்தனை மணி நேரம், புரியாதது என்ன, கடைசியில் கையெழுத்து.

தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணினோம். ஒரு பாடத்தில் 24 அத்தியாயம், தேர்வுக்கு எட்டு மாதம் என்று வையுங்கள். மாதம் நாலு படித்தால் ஆறு மாதத்தில் முடியும், கடைசி இரண்டு மாதம் திரும்பப் படிக்க. மருத்துவமனை போகிற நாளில் ஒன்றும் படிக்க முடியாது. அதையும் "ஊசி போட்ட நாள்" என்று எழுதினோம். "புரியாதது" என்ற கட்டத்தைச் சனிக்கிழமை தெருவில் கல்லூரி படிக்கும் பெண்ணிடம் காட்டிக் கேட்டு வருவாள். வட்டிக் கணக்கை நம் குழு நோட்டிலேயே கற்றாள். 10,000 ரூபாய்க் கடன், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, முதல் மாதம் 100. அசலில் 1,000 கட்டினால் அடுத்த மாதம் 90. அன்றைக்குத்தான் "கணக்கு வரும்போல இருக்கும்மா" என்றாள்.

கையெழுத்து யார் போடுவது? பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருப்பது என் மாமியார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இவ எத்தனை மணிக்கு உட்கார்ந்தா, எத்தனை மணிக்கு எழுந்தான்னு பாருங்க அத்தை, சாயந்திரம் நோட்டில கைநாட்டு வையுங்க" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு படிக்காத நாளில் "நான் வைக்க மாட்டேன் போ" என்று பேத்தியிடம் சண்டை போட ஆரம்பித்தார்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் பயிற்சித்தாள் உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண். மனையியல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு கேட்டால் வந்து சேரவில்லை என்றார்கள். நகல் இல்லை, கொடுத்ததற்கு அத்தாட்சியும் இல்லை. குழுவில் நூறு ரூபாயைக் கூடக் கையெழுத்து வாங்காமல் கொடுத்ததில்லை நான். என் மகள் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியதை அப்படிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. இரண்டு ராத்திரி கண்முழித்துத் திரும்ப எழுதினாள். அவள் உடம்புக்கு அது ஆகாது என்று தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஃபைல் போட்டேன். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், கட்டணம் கட்டிய ரசீது, பதிவு எண், ஹால் டிக்கெட், எழுதிக் கொடுத்த ஒவ்வொரு தாளின் நகல், கொடுத்த தேதி, வாங்கியவர் கையெழுத்து. கணினியில் ஏற்றினால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். பதிவு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

முதல் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறுபடியும் வரன் வந்தது. வந்தவர்கள், "பொண்ணு வீட்ல சும்மா இருக்குன்னு கேள்விப்பட்டோம்" என்றார்கள். நான் வாய் திறக்கும் முன்னால் மாமியார் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி, "இது எல்லாம் என் கைநாட்டு. சும்மா இருக்கிற பிள்ளைக்கா நான் இத்தனை வச்சிருக்கேன்? அவ பரீட்சை எழுதட்டும், அப்புறம் வாங்க" என்றார். பதினெட்டு வயசு ஆகாமல் செய்தால் குற்றம் என்று நான் ஆறு மாதமாகச் சொன்னது எடுபடவில்லை. அந்த நோட்டு எடுபட்டது.

முதல் முறை தமிழும் மனையியலும் தேறினாள். அடுத்த முறை ஆங்கிலமும் அறிவியலும். கணக்கு போய்விட்டது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கட்டம் போட்டாள். மூன்றாம் முறை கணக்கும் வந்தது. இப்போது பன்னிரண்டாவதுக்குப் படிக்கிறாள். அந்த நோட்டை அவளே எழுதுகிறாள். கைநாட்டு மட்டும் இன்னும் பாட்டிதான்.

அக்கா, தங்கச்சிகளே, முறையான கூட்டம், சேமிப்பு, கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்று பஞ்ச சூத்திரம் சொல்கிறோம். வீட்டுப் படிப்புக்கும் அதே ஒழுங்குதான். எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் கடன் பேசி முடித்ததும், "நம்ம உறுப்பினர் வீட்டில பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யாரு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். திரும்பப் பள்ளியில் சேர்க்க முடிந்தால் சேர்ப்போம். முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்போம். கட்டம் போட நான் வருகிறேன்.