பட்டியலில் இருக்கிறார், வாசலில் இல்லை



பெரிய விளையாட்டுப் போட்டி ஓர் ஊருக்கு வந்தால் ஆள் பஞ்சமும் கூடவே வரும் என்று சொல்கிறோம். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வேலை கேட்டு வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நாட்களுக்குத்தான். பாதுகாப்புப் பணியை எடுத்த ஜி4எஸ் நிறுவனம் 2010 டிசம்பரில் ஒப்புக்கொண்டது சுமார் 2,000 காவலர்களுக்கு. ஓராண்டு கழித்து அது 10,400 ஆயிற்று. அப்போது போட்டிக்கு இருந்ததோ ஏழே மாதம். விண்ணப்பம் போட்ட ஒருவர் சீருடையோடு வாசலில் நிற்பதற்குள் நேர்காணல், பின்னணி விசாரணை, பயிற்சி, உரிமம், அடையாள அட்டை, எந்த இடத்தில் எந்த ஷிஃப்ட் என்ற தகவல், இத்தனையும் முடிந்தாக வேண்டும். ஒன்று தடைப்பட்டாலும் அவர் பட்டியலில் இருப்பார், வேலைக்கு வரமாட்டார். மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு 56 காவலர்கள் வரவேண்டிய நேரத்தில் வந்தவர்கள் 17 பேர். மீதி இடத்தில் போலீசார் நின்றார்கள். தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அரசாங்கம் 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக அழைத்தது. அதுவும் போதாமல் பிறகு 1,200 பேர். நிறுவனத்தின் தலைமை அதிகாரி நிக் பக்கிள்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, இது அவமானகரமான குளறுபடிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே நாட்கள் இருக்கும்போதே ஆளை எடுத்து வையுங்கள் என்கிறேன். முன்கூட்டியே ஆள் எடுத்தால் வேலையில்லாத மாதங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று தொழில் நடத்தும் நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆறு மாதச் சம்பளத்தை நான் கேட்கவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்து, காகித வேலைகளை முடித்து, பயிற்சி நாட்களுக்கு மட்டும் கூலி கொடுத்து வைப்பது பெரிய செலவல்ல. அதைக் கோட்டைவிட்ட அந்த நிறுவனத்துக்கு இந்த ஒரு ஒப்பந்தத்தில் ஏற்பட்ட நஷ்டம் 8.8 கோடி பவுண்டு. அவர்களுக்காவது ராணுவம் வந்தது. உங்கள் ஹோட்டலுக்கும் கிடங்குக்கும் எந்தப் பட்டாளம் வரப்போகிறது?

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களில் போட்டி முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்று ஒரே போடாகப் போட்டுவிடலாமே என்போரும் உண்டு. சொல்லலாம், போட்டி நாளன்று காலையில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். லண்டன் போட்டி நடந்ததோ பள்ளி விடுமுறைக் காலத்தில். ஆட்டத்தைப் பார்க்க நினைப்பவரும், கூட்டத்துக்குப் பயந்து வெளியூர் போக நினைப்பவரும் கேட்பது அதே இரண்டு வாரத்தைத்தான். யாருக்கு எந்த அடிப்படையில் லீவு என்பதை நான்கு மாதம் முன்பே எழுதி ஒட்டிவிட்டால், கிடைக்காதவருக்கும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள நேரம் இருக்கும். கூடுதல் வேலைக்கான ஊக்கத்தொகையும் அப்படியே. ரயில் ஊழியர்களுக்கு ஒலிம்பிக் தொகை முன்னதாகவே பேசி முடிந்தது. பேருந்து ஊழியர்களோ 500 பவுண்டு கேட்டு, 2012 ஜூன் 22 அன்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் அவர்களுக்கும் தொகை கிடைத்தது. எப்படியும் கொடுக்கப்போகிற பணம். ஒரு நாள் பேருந்துகள் பல ஓடாமல் நின்ற பிறகு கொடுத்தார்கள்.

பட்டியலை மட்டும் நம்பாமல், போட்டிக்கு ஒரு மாதம் முன்பே, சாதாரண சனிக்கிழமை ஒன்றில், எடுத்து வைத்த அத்தனை பேரையும் அவரவர் ஷிஃப்டுக்கு வரச் சொல்லுங்கள், அன்றைய கூலியோடு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணுங்கள். வராதவர்களின் இடத்தை நிரப்ப அப்போதும் உங்களிடம் நான்கு வாரம் இருக்கும்.